பழைய சேலையில் துணிச்சித்திரம்: கை தயங்கும் இடங்களைக் கடந்து தைத்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவின் அரக்குநிறச் சுங்குடிச் சேலை மூன்று ஆண்டுகள் என் பீரோவில் மடித்தபடியே இருந்தது. அதில் ஒரு துணிச்சித்திரம் தைக்க வேண்டும் என்று முடிவு செய்து, கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வாங்கி வந்து, சேலையைத் தரையில் விரித்தும்விட்டேன். வெட்டக் கை வரவில்லை. கெடுத்துவிட்டால் அம்மாவின் சேலையும் போய்விடும், சித்திரமும் கிடைக்காது. திரும்ப மடித்து உள்ளே வைத்தேன். இப்படியே நான்கு முறை நடந்தது.

அந்தச் சேலையின் ஒரு பகுதி இப்போது எங்கள் கூடத்துச் சுவரில், 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் கொண்ட வேப்பமரமாக நிற்கிறது. அதைத் தைத்த ஏழு மாதங்களில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊசி பிடிக்கும் முறையைச் சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு “என்னால் ஆகாது” என்று உட்காரும் நேரத்தில் என்ன செய்வது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் அந்தத் தயக்கம் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. கண் எதையோ பார்த்துவிடுகிறது, வாய்க்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அதனால் “நன்றாக இல்லை” என்று மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. எது, எங்கே, ஏன் என்று பிரித்துக் கேட்டால் பாதித் தயக்கம் கையால் தீர்க்கக்கூடிய வேலையாக மாறிவிடும். மீதிப் பாதிக்கு ஊசியிடம் பதில் கிடையாது. அதற்கும் பின்னால் வருகிறேன்.

முதல் படி: துணியின் வயதைப் பார்ப்பது

வேண்டியவை அதிகமில்லை. மேலே வரும் சித்திரத்துக்கு இரண்டு மூன்று பழைய பருத்திச் சேலைகள், நடுவில் வைக்க மெல்லிய பழைய வேட்டி ஒன்று, அடியில் போட உறுதியான காடாத் துணி. ஆறு இழை எம்பிராய்டரி நூல், கூர்மையான ஊசிகள், குண்டூசிகள், துணிக்கென்றே வைத்திருக்கும் கத்தரிக்கோல். காகிதம் வெட்டிய கத்தரிக்கோல் மெல்லிய பருத்தியைக் கடித்து இழுக்கும்.

சேலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். உட்காரும் இடமும் கால் தட்டும் ஓரமும் தேய்ந்து வலைபோல் தெரியும். முந்தானையும், இடுப்பில் செருகும் உள்முனையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பிறகு இரண்டு கைகளாலும் பாவு (நீள இழை) வாக்கில் ஒருமுறை, ஊடை (அகல இழை) வாக்கில் ஒருமுறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நறநறவென்று சத்தம் கேட்டால் அந்தப் பகுதி தனியாக நிற்காது. அதன் கீழே வாயில் (voile) என்ற மெல்லிய ரகத் துணியை வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். பழைய பட்டில் இன்னும் கவனம் தேவை. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே விண்டுபோகும்.

அடுத்தது சாயம். இதைத் தவிர்த்துவிட்டு நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, சேலையின் ஓரத்தில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் சேலை சாயம் விடுகிறது. அரக்கு, கருநீலம், கரும்பச்சை மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பி ஊறவைத்தேன். ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணியை உப்பு காப்பாற்றாது. தண்ணீர் தெளியும்வரை அலசுவது ஒன்றே வழி. எத்தனை அலசியும் விட்டுக்கொண்டே இருந்தால், அந்தத் துணியைச் சேர்க்கும் சித்திரம் இனித் தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு தையுங்கள்.

இரண்டாம் படி: முதல் வெட்டு

வெட்டும் பயத்துக்கு நான் கண்ட மருந்து மிகச் சின்னது. சேலையை முழுதாக விரித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கரையையும் முந்தானையையும் தொடாமல், கட்டியிருக்கும்போது யார் கண்ணிலும் படாத உள்முனையிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை. சேலை இன்னும் சேலையாகவே இருக்கிறது. ஆனால் அதில் கத்தரி பட்டுவிட்டது. எனக்கு அடுத்த நாள் கை நடுங்கவில்லை.

அந்தத் துண்டைக் கொண்டு 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரி தையுங்கள். அடித்துணி, வேட்டி, மேல்துணி என மூன்றையும் அடுக்கி, இரண்டிழை நூலில் நான்கு வரிசை, மூன்றிழையில் நான்கு வரிசை ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் எளிய தையல்) போடுங்கள். ஒரு வட்டத்தையும் ஒரு முக்கோணத்தையும் மேலே வைத்து ஓரத்தைத் தைத்து, அதாவது அப்ளிக் செய்து பாருங்கள். இந்த மாதிரித் துணி கடைசிவரை உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். “இந்த நிறத்தில் மஞ்சள் நூல் எடுபடுமா” என்ற கேள்வியை மனத்தில் வைத்து இரண்டு மணி நேரம் புரட்டுவதைவிட, மாதிரியில் 3 செ.மீ. தைத்துப் பார்ப்பது வேகமானது. என் மாதிரியில் பதினேழு கேள்விகளுக்கான விடை இருக்கிறது. அழகில்லாத துண்டுதான். ஆனாலும் பெரிய சித்திரத்துக்குச் சமமாக அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

பழைய துணியை வெட்டுவது அதை அவமதிப்பதாகத் தோன்றினால், வங்காளத்துக் காந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அந்தச் சேலைகளின் கரைகளிலிருந்தே நிற நூலை உருவி எடுத்துத் தைத்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்தித் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, குளிருக்குப் போர்த்த மெத்தைவிரிப்புகள் தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த வெளுப்பும், பை பிரித்த இடத்தில் வெயில் படாத கருநீலமும் அப்படியே வடிவமாகத் தெரிகின்றன. 2002-ல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொடங்கி நியூயார்க் வரை கண்காட்சிகளில் தொங்கின. தேய்மானத்தை மறைத்திருந்தால் அந்த விரிப்புகளில் பாதி அழகு போயிருக்கும்.

மூன்றாம் படி: அடுக்கிப் பார்ப்பது

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது.

வரையத் தெரியாது என்பதால் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வரைய வேண்டியதில்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் தங்கள் பூத்தையலை எந்தக் கோடும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணியே போடுகிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக எழும் அந்த வடிவங்களுக்கு எண்ணிக்கைதான் ஆதாரம். எண்ண வராத என்னைப் போன்றவர்களுக்குச் செய்தித்தாள் போதும். மரம், குடம், மலை எதுவானாலும் தாளை நேரடியாகக் கத்தரியால் வெட்டி, அடித்துணிமேல் வைத்து நகர்த்துங்கள். பிடித்த தாள்வடிவங்களைத் துணியில் வெட்டும்போது சுற்றிலும் 6 மி.மீ. கூடுதலாக விடுங்கள். அது மடித்துத் தைப்பதற்கு.

எல்லாத் துண்டுகளையும் வைத்துப் பார்த்தால் நிச்சயமாக ஏதோ சரியில்லை என்று தோன்றும். எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றியிருக்கிறது. முன்பெல்லாம் உடனே எல்லாவற்றையும் கலைத்துவிடுவேன். இப்போது முதலில் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுக்கிறேன். என் வேப்பமரத்தில் இலைக்குப் பச்சையும் பின்னணிக்கு அரக்கும் வைத்திருந்தேன். நேரில் பளிச்சென்று வேறுபட்ட இரண்டும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. மரமே காணாமல் போயிருந்தது. நிறங்களில் குற்றமில்லை, இரண்டும் ஒரே அளவு அடர்த்தி. இலைகளில் பாதியை வெளுத்த கிளிப்பச்சைக்கு மாற்றியதும் மரம் முன்னே வந்துவிட்டது. கலைத்துப் போட்டிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

கறுப்பு வெள்ளையில் குறை தெரியாவிட்டால், அறையின் மறுமூலைக்குப் போய் நின்று பாருங்கள். தஞ்சை வட்டாரத்தில் தைக்கப்படும் தேர்ச்சீலைகளும், தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளும் தெருவில் நிற்கும் கூட்டத்துக்கானவை. அதனால்தான் அவற்றில் சிவப்பின்மேல் வெள்ளை, பச்சையின்மேல் மஞ்சள் என்று வடிவங்கள் பெரிதாகவும் துணிவாகவும் இருக்கின்றன. சுவரில் தொங்கப்போவதை மடிக்கு அருகில் வைத்துத் தீர்ப்பு சொன்னால் அந்தத் தீர்ப்பு தவறாகிவிடும். அடுத்து, எத்தனை துண்டுகள் ஒரே அளவில் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கும் தங்காது. ஒன்றை இரட்டிப்பாக்குங்கள், சிலவற்றைப் பாதியாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு துண்டை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எது சரி என்று கண் தானே சொல்லும். இரவில் முடிவெடுக்க வேண்டாம். குழல்விளக்கில் நீலமும் பச்சையும் குழம்பும்.

நான்காம் படி: தைப்பது, தவறுவது, தேறுவது

அடித்துணியைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி இறுக்குங்கள். அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகல இடைவெளியில் நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட்டு மூன்றையும் கட்டுங்கள். சலிப்பான வேலைதான். இதில் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரம் பின்னால் பத்து மணி நேரமாக வட்டியோடு வரும்.

துண்டுகளின் ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளி மடித்து, மடிப்பின் விளிம்பில் நூல் வெளியே தெரியாதபடி மறைதையல் போடுங்கள். உள்வளைவுகளில் ஓரத்தைச் சின்னதாகக் கத்தரித்துக்கொண்டால்தான் மடியும். பிறகு இரண்டு அல்லது மூன்று இழையில், முழங்கை நீளத்துக்கு மேல் போகாத நூலில், ஓட்டுத் தையல். நூல் நீளமானால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் விரலால் துணியை நீவிவிடுங்கள்.

பாதியில் என் சித்திரத்தின் வலது மூலை சுட்ட அப்பளம் போலச் சுருண்டது. அழுகை வந்தது. அவிழ்க்கலாம் என்று ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் பார்த்தேன்: மற்ற மூன்று மூலைகளிலும் வரிசைகள் சரி. அந்த மூலையில் மட்டும் துண்டைக் குறுக்கு வாக்கில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக வெட்டியிருந்தேன். பாவும் ஊடையும் நேராக நிற்கும் துணிமேல் குறுக்காக வெட்டிய துண்டு தைக்கத் தைக்க இழுபடும். காரணம் தெரிந்ததும் அழுகை நின்றது. “எனக்குத் தைக்க வராது” என்பது “இந்தத் துண்டின் இழை குறுக்காகப் போகிறது” என்று சுருங்கிவிட்டது.

அவிழ்ப்பதா, விடுவதா? பழைய பருத்தி ஒருமுறை அவிழ்ப்பதைத் தாங்கும். இரண்டாம் முறை ஊசித்துளைகள் கிழிசலாகும். ஆகவே அவிழ்க்கும் முன் வேறு மூன்று வழிகளை யோசியுங்கள். மேலே இன்னொரு துண்டை வைத்து மூடலாம். நெருக்கமாகத் தைத்து அந்தச் சுருக்கத்தையே அலையாக்கலாம். காந்தாவின் மேற்பரப்பில் ஓடும் நெளிவு ஓட்டுத் தையலின் இழுப்பில் பிறப்பதுதான். அல்லது தவறை வேறு இரண்டு இடங்களில் வேண்டுமென்றே திரும்பச் செய்யலாம். ஒரே இடத்தில் இருக்கும் மஞ்சள் புள்ளி கறையாகத் தெரியும், மூன்று இடங்களில் இருந்தால் வேப்பம்பழமாகிவிடும். நான் செய்தது இதைத்தான். சுருண்ட மூலையில் நெருக்கமாக வரிசைகள் ஓட்டி, அதே நெருக்கத்தை மரத்தடியிலும் இடது மேல்பக்கத்திலும் கொண்டுவந்தேன். இப்போது அது காற்று.

விட்டுவிட்டு முன்னே போவதும் ஒரு வழிதான். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பிரான்சின் பேயோ நகரத்துப் பூத்தையல் ஏறத்தாழ 70 மீட்டர் நீளம். லினன் துணியில் கம்பளி நூலால் தைத்து, பல பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்தது. முதல் இணைப்பில் மேல்கரையின் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கின்றன. அடுத்தடுத்த இணைப்புகளோ தேடினால்தான் தெரியும். அந்தப் பெரும்படைப்பைத் தைத்தவர்களும் போகப்போகத்தான் தேறியிருக்கிறார்கள். முதல் இணைப்பைப் பிரித்துத் திருத்தவில்லை.

கையில் இருக்கும் பொருளை மாற்றினால் சிக்கல் தீருமா என்றும் கேளுங்கள். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்த ஆன்னி ஆல்பர்ஸ் நெசவை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் அல்லர். பெண்களைப் பெரும்பாலும் அந்தப் பட்டறைக்கே அனுப்பினார்கள். பெர்னாவ் நகரில் கட்டிய தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கில் எதிரொலியை அடக்க வேண்டியிருந்தது, வெளிச்சமும் குறையக் கூடாது. சத்தத்தை உறிஞ்ச ஒரு பக்கம் மெத்தென்ற செனீல் நூலும், ஒளியைத் திருப்ப மறுபக்கம் செலோபேன் என்ற கண்ணாடித்தாளும் வைத்து ஒரே துணியாக நெய்தார். 1930-ல் பட்டயம் பெற்றது அந்த வேலைக்குத்தான். 1949-ல் நியூயார்க்கின் நவீனக்கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக்கண்காட்சி வைத்தது. ஊசிக்கும் சேலைக்கும் இது பொருந்தும். எனக்கு மினுக்கம் தேவைப்பட்ட இடத்தில் எந்த நூலும் சரிப்படவில்லை. கிழிந்த பட்டுக்கரையின் சரிகையை உருவி வைத்துத் தைத்தேன்.

ஐந்தாம் படி: நடுவழியில் நிற்கும் வாரங்கள்

பாதிக்கு மேல் தைத்த பிறகு ஒரு காலம் வரும். புதுமை போயிருக்கும், முடிவு தெரியாது. தற்காலிகத் தையல்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால் சித்திரம் உண்மையிலேயே அலங்கோலமாக இருக்கும். அந்த நேரத்தில் பிறர் முடித்த வேலைகளைக் கைபேசியில் பார்ப்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். அவர்களின் முடிவையும் என் நடுவையும் ஒப்பிடுவது நியாயமில்லை. இன்னொரு பழக்கமும் உதவியது. ஒவ்வொரு நாளும் வரிசையைப் பாதியில் விட்டு, நூல் கோத்த ஊசியைத் துணியிலேயே குத்திவைத்து எழுந்துவிடுவேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்காமல் கை தானே போகும்.

யாரிடமாவது காட்டுவதானால் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். அன்புள்ளவர்கள் ஆமாம் என்பார்கள், அந்த ஆமாமில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. “உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?” என்று கேளுங்கள். என் அத்தை ஒரு நொடிகூட யோசிக்காமல், “அந்தக் கீழ்மூலையில் இருக்கிற வெள்ளைக்குத்தான்” என்றார். மரத்துக்குப் போக வேண்டிய கண் அங்கே போகிறது. அந்த வெள்ளைமேல் பழுப்புநூலில் ஐந்து வரிசை ஓட்டினேன், அடங்கிவிட்டது. ஊசி பிடிக்காத ஒருவரால் அவ்வளவு சரியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கேள்வி சரியாக இருந்ததுதான்.

இனி, முதலில் சொன்ன அந்த இன்னொரு பாதித் தயக்கம். “இது கலையா? இதற்கெல்லாம் மதிப்பு உண்டா?” இந்தக் கேள்விக்குத் தைத்துக்கொண்டிருக்கும்போது பதில் தேடாதீர்கள், கிடைக்காது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ், பைபிள் காட்சிகளை அப்ளிக்கில் தைத்த விரிப்பு ஒன்றை 1886-ல் கண்காட்சியில் வைத்தார். ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் குடும்பத்தில் பணமுடை வர, 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் விளக்கிச் சொன்னார். பின்பு அந்த விரிப்பைப் பார்ப்பதற்காகவே அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் பலமுறை போனார். அந்த விரிப்பு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவருடைய இன்னொரு விரிப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். 5 டாலர் கைமாறிய நாளில் அந்த விரிப்பு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது, அதைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போன அவருக்கும்கூட. எனக்கு இந்தக் கேள்வி வரும் நாளில் ஒரு தாளில் எழுதி மாதிரித் துணிக்கு அடியில் வைத்துவிடுவேன். தையல் முடியும்வரை அதை எடுப்பதில்லை.

ஆறாம் படி: நிறுத்துவதும் தொங்கவிடுவதும்

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அடுத்துப் போட நினைக்கும் தையல் எந்தக் குறையைத் தீர்க்கப்போகிறது என்று சொல்ல முடிந்தால் போடுகிறேன். சொல்ல முடியாமல் இன்னும் கொஞ்சம் போடலாமே என்று தோன்றினால் அது பயம், ஊசியை வைத்துவிடுகிறேன்.

தற்காலிகத் தையல்களை உருவிவிட்டு, பின்பக்கத்திலிருந்து லேசாக இஸ்திரி போடுங்கள். நான்கு ஓரங்களையும் 5 செ.மீ. அகலப் பட்டையால் மடித்துக் கட்டுங்கள். பின்பக்கத்தின் மேல்விளிம்பில், கழி நுழையும் அளவுக்கு அகல முழுமைக்கும் ஒரு துணிக்குழாய் தைத்து, மூங்கிலோ திரைச்சீலைக் கம்பியோ கோத்துத் தொங்கவிடுங்கள். வளையம் மாட்டித் தொங்கவிட்டால் எடை இரண்டு புள்ளிகளில் விழுந்து பழந்துணி அங்கே கிழியும். வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். சமையலறைப் புகை எட்டும் சுவரும் வேண்டாம்.

கடைசியாக, பின்பக்கத்தில் கைக்குட்டை அளவு வெள்ளைத் துணி ஒன்றை வைத்து உங்கள் பெயரையும், தொடங்கிய தேதியையும், முடித்த தேதியையும், எந்தத் துணி யாருடையது என்பதையும் பின்தையலில் (ஊசியைப் பின்னே திருப்பி இடைவெளியின்றிப் போடும் தையல்) எழுதுங்கள். என்னுடையதில், “அரக்குச் சுங்குடி: அம்மா, தீபாவளிக்கு எடுத்தது. கிளிப்பச்சை: சின்ன அத்தை. வேட்டி: தாத்தா” என்று இருக்கிறது. அதற்குக் கீழே, கறுப்பு நூலில், “வலது மூலையில் இழை குறுக்கு.”